லினக்ஸில் முதல் நாள்

லினக்ஸ் முதன்முதலாக ஒரு கணினியில் நிறுவப்பட்டபோது, அந்தக் கணினியின் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லார்ஸ் விர்சினியஸ். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸுடன் படித்தவர். லினஸின் சொந்தக் கணினியில் லினக்ஸை யாரும் நிறுவவில்லை. அது அங்கேயே வரி வரியாக எழுதப்பட்டு வளர்ந்தது. இன்னொரு கணினியில் அதை ஏற்றுவது எப்படி என்று பார்க்க ஒரு நண்பனின் இயந்திரம் தேவைப்பட்டது. தனக்குத் தெரிந்தவரை தன்னுடையதுதான் லினக்ஸ் நிறுவப்பட்ட முதல் கணினி என்று லார்ஸ் பின்னாளில் எழுதினார். லினஸ் வேலை பார்க்க, நாம் ஒரு தூக்கம் போடுவதே லினக்ஸ் நிறுவச் சிறந்த வழி என்று சிபாரிசும் செய்தார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் லினக்ஸுக்குப் புதிதாக வந்த எல்லோருடைய ஆசையும் அதில் இருக்கிறது. தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

லினக்ஸின் வரலாற்றை வழக்கமாக மேலேயிருந்து எழுதுவார்கள். கெர்னல், உரிமம், மைக்ரோசாஃப்டுடன் சண்டை, பிறகு சர்வர்கள், ஆண்ட்ராய்டு. 2017 நவம்பர் பட்டியலிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்ற பெருமையோடு கதை முடியும். அது தெரிந்த கதை. நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு சாதாரண ஆள், சும்மா ஒரு ஆர்வத்தில், லினக்ஸை முதல் தடவை தொட்டுப் பார்க்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? லினக்ஸ் இலவசம், எனவே பணத்தைப் பற்றிய கேள்வி இல்லை இது. எதை இழக்கத் தயாராக இருக்க வேண்டியிருந்தது என்று கேட்கிறேன்.

மோடம் என்று நினைத்து

1991 ஜனவரியில் லினஸ் ஒரு 386 கணினியைத் தவணையில் வாங்கினார். 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 எம்.பி. நினைவகம். அதில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினார். மாணவர்களுக்கு இயங்குதளங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கற்பிப்பதற்காக ஆண்ட்ரூ டானன்பாம் எழுதியது அது. பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயந்திரத்தோடு வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பேச, மினிக்ஸில் இருந்த டெர்மினல் நிரல் லினஸுக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்று எழுதினார். கோப்புகளை இறக்கிச் சேமிக்க வட்டை எழுதும் நிரல் வேண்டும், அதற்கு ஒரு கோப்பு முறைமை வேண்டும் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து, டெர்மினல் நிரல் ஓர் இயங்குதளமாக வளர்ந்துவிட்டது. ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு அவர் எழுதிய அறிவிப்பில் இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எதுவும் வராது என்றுதான் சொன்னார். செப்டம்பர் 17 அன்று 0.01 வெளிவந்தது. ஏறக்குறைய 10,000 வரிகள். அதைத் தொகுக்கவே மினிக்ஸ் வேண்டும் என்ற நிலை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள், பல்கலைக்கழகத்தை டயல் செய்யும் கட்டளையை லினஸ் மோடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டார். யூனிக்ஸ் மரபில் மோடமும் ஒரு கோப்பு, ஹார்ட் டிஸ்கும் ஒரு கோப்பு. எதில் எழுதச் சொன்னாலும் அது மறு கேள்வி கேட்காமல் எழுதும். மினிக்ஸ் இருந்த பகுதியின் தொடக்கத்தில் டயல் கட்டளை போய் உட்கார்ந்துகொண்டது. மினிக்ஸ் காலி. மறுபடி மினிக்ஸை ஏற்றலாம், அல்லது லினக்ஸே போதும் என்று முடிவெடுக்கலாம். லினஸ் இரண்டாவதைத் தேர்ந்தார். லினக்ஸோடு விளையாடப்போய் வட்டில் இருந்ததைத் தொலைத்தவர்களின் நீண்ட வரிசை, அதை எழுதியவரிடமிருந்தே தொடங்குகிறது.

அதே ஆண்டுக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் கணினியில் 2 எம்.பி. நினைவகம்தான், அதில் கெர்னலைத் தொகுக்க முடியவில்லை. லினஸுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, அவரிடம் 4 எம்.பி. இருந்தது. ஆனாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தும் வசதியை எழுதிச் சேர்த்தார். மினிக்ஸில் அது இல்லை. அதற்குப் பிறகு லினக்ஸுக்கு ஆட்கள் வருவது கூடியது. புதிதாக வந்த ஒருவரின் சிரமம் மென்பொருளின் திசையையே மாற்றும் என்பதற்கு லினக்ஸ் வரலாற்றின் முதல் சாட்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

எரிச்சலில் பிறந்த டிஸ்ட்ரோக்கள்

கெர்னல் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. என்ஜினை மட்டும் வீட்டில் கொண்டுவந்து இறக்கினால் யார் வண்டி ஓட்டுவது? 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க், தேவையான நிரல்களைச் சேர்த்துச் சில ஃப்ளாப்பிகளில் அடக்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டில் பீட்டர் மெக்டொனால்ட் எஸ்.எல்.எஸ். என்ற பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். டாஸிலிருந்து தப்பி வருபவர்கள் அடிபடாமல் தரையிறங்கலாம் என்பதுதான் அதன் விளம்பரம். அதில் பிழைகள் நிறைய. அந்தப் பிழைகளைத் திருத்தப்போன பேட்ரிக் வோல்கெர்டிங் என்ற மின்னசோட்டா கல்லூரி மாணவர் 1993 ஜூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். எஸ்.எல்.எஸ். மீது கோபமுற்ற இன்னொரு மாணவர், பர்டூ பல்கலைக்கழகத்தின் இயன் மர்டாக், அடுத்த மாதமே டெபியனை அறிவித்தார். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. டிஸ்ட்ரோக்களின் வரலாறு என்பது ஒருவகையில், முதல் நாளில் எரிச்சலடைந்தவர்கள் அடுத்தவனாவது தப்பிக்கட்டும் என்று வேலை செய்த வரலாறு.

தப்பிப்பது சுலபமாக இல்லை. ஸ்லாக்வேரின் முதல் பதிப்பு 24 ஃப்ளாப்பிகள். ஏ தொகுதி அடிப்படை, எக்ஸ் தொகுதி வரைகலைத் திரைக்கு. ஒரு ஃப்ளாப்பியில் ஒரு செக்டர் கெட்டிருந்தால் வேலை அப்படியே நிற்கும். மறுபடி அந்தக் கோப்பை எங்கிருந்தாவது இறக்கி, புது ஃப்ளாப்பியில் எழுதி, மறுபடி தொடங்க வேண்டும்.

ஃப்ளாப்பிகள் நல்லபடியாக இருந்தாலும் அடுத்த கண்டம் ஹார்ட் டிஸ்க். அன்றைய வட்டு முழுவதும் டாஸுக்கோ விண்டோஸுக்கோ எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அதைப் பங்கு பிரிக்க எஃப்டிஸ்க் என்ற கருவி. பாகப்பிரிவினையில் ஒரு எண் தப்பினால் வீட்டுக்கணக்கு, அக்காவின் ப்ராஜெக்ட், எல்லாம் போகும். உள்ளே இருப்பதை அழிக்காமல் பிரிக்க ஃபிப்ஸ் என்று ஒரு சிறு நிரல் வந்தது. அதுவும் முதலில் பேக்கப் எடுத்துக்கொள் என்றுதான் சொல்லும். பேக்கப் எடுக்க இன்னொரு வட்டு எத்தனை வீட்டில் இருந்தது?

பிறகு லிலோ. கணினி எழும்போது எந்த இயங்குதளத்தை அழைப்பது என்று கேட்கும் நிரல். தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதிக்கொண்டே வரும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டம் முடிந்ததற்கு அடையாளம். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால் லினக்ஸும் வராது, விண்டோஸும் வராது. வரைகலைத் திரை வேண்டுமென்றால் மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களைக் கையால் எழுத வேண்டும். தவறான எண் கொடுத்தால் மானிட்டரே பழுதாகலாம் என்ற எச்சரிக்கை ஆவணத்திலேயே இருக்கும். நம்பினால் நம்புங்கள், வால்பேப்பர் பார்க்க ஆசைப்பட்டவன் மானிட்டரைப் பணயம் வைத்த காலம் அது.

இதையெல்லாம் தாண்ட இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, தன்னார்வலர்கள் எழுதிய ஹௌ-டூ ஆவணங்கள். இன்னொன்று, ஆட்கள்.

சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு

இந்தியாவில் நிறைய பேருக்கு லினக்ஸ் வந்தது பத்திரிகையோடு ஒட்டிய சி.டி.யில். 1996இல் பி.சி. க்வெஸ்ட் இதழ் லினக்ஸை சி.டி.யில் வைத்துக் கொடுத்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். வீட்டு இணையம் என்றால் டயல்-அப் என்றிருந்த நாட்டில் அந்த சி.டி. எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்று விளக்குவது கடினம். சி.டி. வந்துவிட்டது, சரி, யார் போட்டுக் கொடுப்பது? அதற்குத்தான் லினக்ஸ் பயனர் குழுக்கள். சென்னைக் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும். 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' என்று பல ஊர்களில் நடத்துவார்கள். சி.பி.யூ.வை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கலாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுப்பார். மோடம் வேலை செய்யாது என்ற கெட்ட செய்தியையும் அவரே நேரில் சொல்வார், ஏனென்றால் அப்போது கடைகளில் கிடைத்த மலிவு மோடங்கள் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டுவிடுபவை. லார்ஸின் தூக்கத்துக்கு நம்மூரில் கிடைத்த மாற்று இந்தச் சனிக்கிழமைகள்.

இதற்கிடையே இயந்திரத்தின் பக்கமும் வேலை நடந்தது. 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் கே.டி.இ. திட்டத்தை அறிவித்தபோது, இது சிஸ்டம் அட்மினுக்கு இல்லை, சாதாரணப் பயனருக்கு என்று தெளிவாக எழுதினார். 1999இல் கால்டெரா நிறுவனத்தின் ஓபன்லினக்ஸ், கோப்புகள் வட்டில் ஏறும் நேரத்தில் விளையாட ஒரு டெட்ரிஸ் வைத்திருந்தது. புதியவனுக்கு அந்த அரைமணி நேரம் எவ்வளவு பதற்றமானது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்!

ஆனால் விலையை உண்மையிலேயே பூஜ்யமாக்கியது லைவ் சி.டி. எண்ணம் பழையது, 1992 கடைசியிலேயே யக்ட்ரசில் என்ற டிஸ்ட்ரோ சி.டி.யிலிருந்து நேரே ஓடிக் காட்டியது. அதை ஊரெல்லாம் கொண்டுபோனவர் கிளாஸ் க்னாப்பர் என்ற ஜெர்மானியர். 2000இல் வெளிவந்த அவரது க்னாப்பிக்ஸ், ஏறக்குறைய 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கி ஒரே 700 எம்.பி. சி.டி.யில் அடைத்தது. சி.டி.யைப் போட்டு ஆன் செய்தால் போதும். சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்கைத் தொடவே தொடாது. சி.டி.யை எடுத்துவிட்டால் பழைய கணினி பழையபடி இருக்கும். லினஸே இழந்த ஒன்றை இனி யாரும் இழக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள்.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. மார்க் ஷட்டில்வொர்த்தின் பணத்தில், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் சி.டி.யை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். நான் பொறியியல் படித்த காலம் இதுதான். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது என்ற திட்டத்துக்காக அலாரம் வைத்து எழுந்த தலைமுறை எங்களுடையது. அங்கே, பைசா செலவில்லாமல் வெளிநாட்டு உறையில் சி.டி. வந்தால் விடுதியே கூடிவிடும்.

கல்லூரியில் லினக்ஸ் இல்லாமலில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் என்ற பெயரில், விண்டோஸ் கணினியிலிருந்து எங்கோ இருந்த ஒரு லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் ஷெல் நிரல் அடிப்போம். வி.ஐ. எடிட்டருக்குள் போனவன் வெளியே வரத் தெரியாமல் பவர் பட்டனைத் தேடுவான். லினக்ஸ் என்றால் ரெக்கார்டு நோட்டில் எழுதும் பத்து பயிற்சிகள் என்றே பெரும்பாலானோர் நினைத்திருந்தோம். அதே லினக்ஸ் பழுப்பு வண்ணத் திரையும் மவுசுமாக விடுதி அறையில் எழுந்தபோது, 'இதுவும் அதுவும் ஒண்ணா?' என்று அறைத்தோழன் கேட்டது நினைவிருக்கிறது.

அடுத்து நாங்கள் செய்தது, வட்டிலிருந்த ரஹ்மான் பாட்டை இரண்டு தடவை சொடுக்கியது. பாடவில்லை. எம்.பி.3க்கு அப்போது காப்புரிமை உண்டு. அதனால் இலவச டிஸ்ட்ரோக்கள் அதை வாசிக்கும் நிரலைச் சேர்த்துத் தரவில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். விடுதியில் இணையம் கிடையாது. உலகத்துக்குப் பொதுவான ஒரு சட்டச்சிக்கல், எங்கள் அறையில் 'பாட்டு பாடாத ஓ.எஸ்.' என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பாகிவிட்டது. மூன்றாம் ஆண்டு சீனியர் அண்ணன் ஒருவர், வேறெங்கோ இறக்கிய நிரல்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொடுத்துவிட்டு, எது ஏன் என்று ஒரு மணி நேரம் சொன்னார். அன்று அந்த அறையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்றும் லினக்ஸில் வேலை பார்க்கிறோம். அவர் வராமல் இருந்திருந்தால் அந்த சி.டி. கொசுவத்திச் சுருளுக்கு அடியில் வைக்கும் தட்டாகியிருக்கும்.

மெனுவில் இருந்த கதவு

2011 ஏப்ரலில் உபுண்டுவின் இலவச சி.டி. நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. லினக்ஸின் முதல் நாள் வரலாற்றில் இது எவ்வளவு பெரிய நிகழ்வு என்று யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்காட் வழியாக வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய, தமிழ் இடைமுகமும் கொண்ட இயங்குதளம். எல்காட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, தன் மேசைக் கணினிகளை சூஸி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டிய நிறுவனம். ஆக, யோசனை திடீரென்று வந்ததில்லை.

1993இல் ஒருவன் 24 ஃப்ளாப்பிகளோடு போராடி அடைந்த இடம், இப்போது லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆன் செய்தவுடன் மெனுவில் ஒரு வரியாக இருந்தது. பங்கு பிரிக்க வேண்டாம், லிலோ வேண்டாம், எண்கள் வேண்டாம். அப்பா அம்மா ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கும், ஹெல்சின்கி மாணவன் தவணையில் வாங்கியதைவிடப் பலமடங்கு வலுவான இயந்திரம், மூல நிரல் திறந்திருக்கும் ஓர் இயங்குதளத்தோடு.

என் சித்தி மகனுக்கும் ஒன்று கிடைத்தது. ஊருக்குப் போயிருந்தபோது ஆன் செய்தேன். மெனு வந்து சில விநாடி நின்றது. பாஸைத் தேர்ந்தேன். அவன் பதறிப்போனான்.

"ஐயோ அண்ணா, அது வேற ஏதோ! ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"அதுல போனா ஒண்ணும் வராதுண்ணா. சார் தொடக் கூடாதுன்னாங்க."

அந்த ஆசிரியர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாடப்புத்தகத்தில் அப்போது இல்லாத, தேர்வில் வராத ஒன்றை, கெட்டுப்போனால் தன்னைக் கேட்பார்களோ என்ற பயத்தில் அவர் பூட்டி வைத்தார். பிள்ளைகளில் பலர், தெருமுனைக் கடையில் ஐம்பதோ நூறோ கொடுத்து, பாஸை அழித்து முழுவட்டுக்கும் விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். படம் வைக்க இடம் கிடைத்தது. அவர்கள் கணக்கில் அது நியாயமானதுதான்.

இங்கேதான் இந்த வரலாறு எனக்கு உறுத்துகிறது. லினக்ஸ் கடினமாக இருந்தவரை, புதியவனுக்கு ஓர் ஆள் கட்டாயம் தேவைப்பட்டது. அதனால் ஆள் இருந்தார். சனிக்கிழமை கூட்டங்கள் இருந்தன, சீனியர் அண்ணன்கள் இருந்தார்கள். நிறுவுவது எளிதாக ஆக, இனி ஆள் எதற்கு என்று நினைத்துவிட்டோம். இருபது ஆண்டுகள் உலகம் முழுவதும் பலர் உழைத்து முதல் நாளின் விலையைப் பூஜ்யமாக்கினார்கள். பூஜ்யமான அன்று பக்கத்தில் யாரும் இல்லை. நிறுவும் சிரமம் ஒன்று, புதிதாக ஒன்றுக்குள் நுழையும் தயக்கம் இன்னொன்று. முதலாவதை நிரலால் தீர்க்கலாம், தீர்த்துவிட்டார்கள். இரண்டாவது நிரலுக்குக் கட்டுப்படாது.

இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகளுக்கு, பாதுகாப்பு சிப் பழையது, பிராசஸர் பழையது என்று விண்டோஸ் 11 அனுமதி மறுக்கிறது. பழைய மடிக்கணினியைக் குப்பையில் போட மனமில்லாத அத்தைகளும் ஓய்வுபெற்ற மாமாக்களும் 'லினக்ஸ்னு ஏதோ இருக்காமே, போட்டா ஓடுமா?' என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் லினக்ஸோடே புழங்குபவர்கள்கூட இதற்கு ஓர் இறக்கச் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சுட்டி போதாது. ஒரு பென் டிரைவில் லைவ் லினக்ஸை எழுதி எடுத்துப் போகலாம். அவர்கள் வட்டைத் தொடாமல் அதிலிருந்தே எழுப்பிக் காட்டலாம். வைஃபை வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ் தட்ட முடிகிறதா, பாட்டு பாடுகிறதா என்று அவர்களையே சொடுக்கிப் பார்க்கச் சொல்லலாம். ஒத்துவரவில்லை என்றால் பென் டிரைவை உருவிக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் காபி கொடுப்பார்கள். அவர்கள் தூங்கப் போனால் மட்டும் விடாதீர்கள். லார்ஸின் வழி லார்ஸுக்கு மட்டும்தான் பலித்தது.